தேனீக்களுக்கும் சொல்ல வேண்டும்

இயேசு மரி சூசை

கோலியர்ஸ் வுட், லண்டன்
23.10.1994, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மகள் டொலறஸுக்கு,

நீயும் மருமகன் மிக்கேலும் மாமியும் ஆண்டவரின் இரக்கத்தால் நலமாக இருக்க வேண்டும் என்று இரண்டு பேரும் நாள் தவறாமல் மன்றாடுகிறோம். நாங்களும் இங்கே சுகம் என்று அடுத்த வரியில் எழுதுவதுதான் முறை, முப்பத்திரண்டு வருடம் தபால் கந்தோரில் இருந்தவன் முறையை மீறக் கூடாது, ஆனால் இன்றைக்கு அந்தச் சொல்லுக்கு வந்தவுடன் பேனை நின்றுவிட்டது. அம்மாவுக்குச் சீனி வருத்தம் மருந்துக்கு அடங்கி இருக்கிறது. எனக்கு முழங்கால் நோ, லிப்ற் மூன்று கிழமையாக வேலை செய்யவில்லை, கவுன்சிலுக்கு எழுதினால் உங்கள் கடிதம் கிடைத்தது என்று பதில் போடுகிறார்கள், அவ்வளவுதான். இதெல்லாம் வழமை. நீ ஒன்று செய், இந்தக் கடிதத்தை வேலைக்குப் போகிற அவசரத்தில் வாசிக்காதே. இருந்து வாசி. மிக்கேல் பக்கத்தில் இருந்தால் நல்லது, அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாவிட்டாலும் உன் முகம் வாசிக்கத் தெரியும். வாசித்தவுடன் ரெலிபோனை எடுக்காதே, எடுத்தாலும் அம்மாவிடம் இதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாதே. ஒன்றரை வருடமாக ஒரு விஷயத்தை நான் உனக்கும் சொல்லவில்லை, அம்மாவுக்கும் சொல்லவில்லை. இனி அது பொத்தி வைக்கக் கூடியதல்ல, அதற்கு ஒரு திகதி வந்துவிட்டது. இன்று கடிகாரத்தை ஒரு மணி பின்னுக்கு வைக்கிற நாள், எல்லோருக்கும் ஒரு மணி நேரம் சும்மா கிடைத்திருக்கிறது, அம்மா பூசையால் வந்து படுத்திருக்கிறாள், அந்த ஒரு மணியில் எழுதி முடித்துவிடலாம் என்று இருந்தேன்.

செப்ரெம்பரில் நீ போட்ட கடிதத்தில் இருந்தே தொடங்குகிறேன். உன் மாமனார் மோசம் போனதை நீ ரெலிபோனில் சொன்ன அன்றே அவருக்குப் பூசை ஒப்புக்கொடுக்கச் சொல்லிவிட்டோம், ஆனாலும் மிக்கேலின் நாட்டில், அந்த மலைக் கிராமத்து வீட்டில் என்னென்ன நடந்தது என்று நீ ஆறு பக்கத்தில் எழுதியதை வாசித்த பிறகுதான் நாங்களும் கூட நின்று அவரை அனுப்பி வைத்தது போல இருந்தது. வழக்கம்போல நான் வாசித்தேன், அம்மா கதிரையில் இருந்து கேட்டாள். இரண்டு கண்ணிலும் புரை முற்றி நான்கு வருடமாக அவளுக்கு எழுத்தென்றால் வெறும் வெள்ளைத் தாள், அது உனக்குத் தெரிந்ததுதானே. சீவன் போனவுடன் ஆத்துமா போவதற்கென்று கூரை ஓடு ஒன்றைக் கழற்றி வைத்தது, பெட்டியைக் கோயிலுக்குக் கொண்டு போக அந்த வீட்டுக்கென்றே ஒரு பாதை இருப்பது, வேறு பாதையால் கொண்டு போகக் கூடாது என்பது, மாமி கோயிலில் தன் வீட்டுக்குரிய இடத்தில் முழங்காலில் நின்று அந்த மரப்பலகையில் சுற்றிய மெழுகுத் திரியைக் கொளுத்தியது, எல்லாம் வாசித்தேன். சாவீட்டுக்காரர் தாங்களே போய் ஒருவருக்கும் செய்தி சொல்லுவதில்லையாம், அதற்கென்று முதல் அயலவர் என ஒரு வீட்டைத் தலைமுறையாகக் குறித்து வைத்திருக்கிறார்களாம். அந்த வீட்டு மனிதர் வந்து சுவாமியாருக்குச் சொல்லி, இனசனத்துக்குச் சொல்லி, கடைசியில் கொல்லைக்குப் போய்த் தேனீப் பெட்டிகளை ஒவ்வொன்றாக விரலால் தட்டி, உங்கள் எசமான் போய்விட்டார், கோயிலில் அவருக்கு வெளிச்சம் வேண்டும், மெழுகு செய்யுங்கள் என்று சொன்னார் என்று நீ எழுதியிருந்தாய். அந்த இடத்தில் அம்மா கையை நீட்டி என்னை நிறுத்தினாள். அதை இன்னொருக்கா வாசியுங்கோ என்றாள். வாசித்தேன். சொல்லாட்டி என்ன நடக்குமாம் என்று கேட்டாள். சொல்லாமல் விட்டால் அவை செத்துப் போகும், அல்லது பெட்டியை விட்டுப் போய்விடும் என்று நீ எழுதியதையே வாசித்துக் காட்டினேன். பாவம், அதுகளுக்கும் தெரியத்தானே வேணும் என்று சொல்லிவிட்டு அரிசி களைய எழும்பிப் போனாள். மிச்சம் இரண்டு பக்கத்தை நான் தனியாக இருந்து வாசித்தேன். ஒரு எழுத்தும் மனதில் ஏறவில்லை.

அந்த முதல் அயலவர் விஷயம் எனக்குப் புதிதல்ல, மகள். நான் ஊரில் போஸ்ற்மாஸ்ரராக இருந்த காலத்தில் மரணத் தந்தி வந்தால் பியோனை நேரே அந்த வீட்டுக்கு அனுப்ப மாட்டேன். முதலில் பக்கத்து வீட்டுக்குப் போ, அங்கே ஒரு மனிசியைக் கூட்டிக்கொண்டு போய்க் கொடு என்பேன். இது சட்டப் புத்தகத்தில் இல்லை, மேலதிகாரி ஒருவர் கேட்டபோது சைக்கிள் காற்றுப் போனதால் தாமதம் என்று எழுதிக் கொடுத்தேன். எத்தனை வீட்டுக்கு அப்படிச் செய்தி போனது என்று எனக்கே கணக்கில்லை. இப்படி ஊருக்கெல்லாம் பதமாகச் சொல்லி வைத்த மனிதனுக்குத் தன் வீட்டுக்கு வந்த ஒன்றைச் சொல்ல வாய் வரவில்லை. இதற்கு மேல் சுற்றி எழுதினால் பாவம்.

பிள்ளை, உன் தம்பி எட்வேட் இல்லை. சென்ற வருடம் மாசி மாதம் போய்விட்டான். கொழும்புக்கு வருவதற்காகக் கிளாலியில் படகு ஏறியவன். கடலில் வைத்துப் படகுக்குச் சூடு பட்டது, யார் சுட்டது என்று உன் மாமா, அம்மாவின் தம்பி செபமாலைமுத்து எழுதவில்லை, எழுதியிருந்தாலும் அதை வைத்து நான் என்ன செய்ய. விடிந்த பிறகு படகைக் கரைக்கு இழுத்து வந்தபோது மாமாதான் போய் அடையாளம் காட்டியிருக்கிறார். ஊருக்குக் கொண்டு வந்து எங்கள் கோயில் சேமக்காலையில் என் தகப்பனார் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள். நெஞ்சில்தான் பட்டது, முகத்துக்கு ஒன்றும் நடக்கவில்லை, நித்திரை கொள்வது போல இருந்தான் என்று எழுதியிருக்கிறார். அது உண்மையோ என் மனதுக்காக எழுதியதோ தெரியாது, ஆனால் நான் அந்த வரியைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறேன், நீயும் பிடித்துக்கொள். அவனுக்கு இருபத்துநாலு வயது. அழு, மகள். நான் பக்கத்தில் இல்லை. மிக்கேலின் கையைப் பிடித்துக்கொண்டு நன்றாக அழு, பிறகு மிச்சத்தை வாசி.

மாமாவின் அந்தக் கடிதம் இங்கே வந்தது சென்ற வருடம் வைகாசியில். ஊரில் இருந்து யாரோ கொழும்புக்குக் கொண்டு வந்து அங்கே தபாலில் போட்டிருக்கிறார்கள், மூன்று மாதம் பழசு. நான் காலையில் நோர்பரியில் கணேசலிங்கத்தின் கடையில் பத்திரிகை அடுக்கிவிட்டு வந்து கதவைத் திறந்தேன், கீழே கிடந்தது. அம்மா சத்தத்தை வைத்தே ஊர்க் கடிதம் என்று கண்டுபிடித்துவிட்டாள், தம்பியின்ரை கடிதமோ, கெதியா வாசியுங்கோ என்றாள். சப்பாத்தும் கழற்றாமல் வாசிக்கத் தொடங்கினேன். தந்தி பார்த்துப் பழகிய கண் எப்போதும் வாயை விட ஒரு வரி முன்னுக்கு ஓடும், அது தொழில் பழக்கம். மழை, ஷெல் விழுந்து கூரை போனது, அரிசி விலை என்று வாய் வாசித்துக்கொண்டிருக்கக் கண் அங்கே போய் அந்த வரியைக் கண்டுவிட்டது. நான் விழுந்திருக்க வேண்டும், அல்லது கத்தியிருக்க வேண்டும். என் வாய் நிற்கவே இல்லை, பிள்ளை. எட்வேட் கடலுக்கு அப்பால் வன்னிப் பக்கம் போய்விட்டான், அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறான், கடிதம் போட வசதியில்லை, ஒருவரும் யோசிக்க வேண்டாம் என்று தாளில் இல்லாததை இருக்கிறது போல, செபமாலைமுத்துவின் நடையிலேயே வாசித்தேன். ஆரும் போகச் சொன்னதோ, ஏன் போனவன் என்று கேட்டாள். தானாகத்தான் போனானாம் என்றேன். அம்மா சிலுவை போட்டு, தோத்திரம் ஆண்டவரே, பிள்ளை கடலைத் தாண்டீட்டான் என்றாள். பிறகு என் கையில் இருந்த கடிதத்தை வாங்கி, தானே மடித்து, பிஸ்கற் ரின்னுக்குள் வைத்தாள்.

ஏன் அப்படிச் செய்தீர்கள் அப்பா என்று நீ கேட்பாய். அம்மாவுக்கு நெஞ்சு தாங்காது என்று நான் எனக்கே சொல்லிப் பார்த்தேன், அது பாதிதான். மற்றப் பாதியை எழுதுகிறேன். அவனைக் கூப்பிட்டது நான். அம்மா ஆரம்பத்தில் இருந்தே, அவன் என்ரை தம்பியோடை இருக்கட்டும், பாதை திறக்கட்டும், அந்தரப்படுத்தாதேங்கோ என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் கேட்கவில்லை. எனக்குப் பயம், அங்கே இருந்தால் ஒரு நாள் இல்லாமல் போய்விடுவான் என்று. அம்மாவுக்குத் தெரியாமல் கணேசலிங்கத்தின் கடையில் இருந்து ஒரு கடிதம் எழுதினேன், இனிப் பொறுக்க வேண்டாம், யோசிக்காமல் வெளிக்கிடு, கொழும்புக்கு வந்து சேர்ந்தால் மிச்சத்தை நான் பார்க்கிறேன் என்று. உங்கள் கடிதம் கிடைத்த மூன்றாம் நாள் வெளிக்கிட்டவன், சந்தோசமாக வெளிக்கிட்டவன் என்று உன் மாமா எழுதியிருக்கிறார். அதே பக்கத்தில், அடுத்த வரியில். அவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை, நடந்ததை நடந்தபடி எழுதினார். அந்த ஒரு பக்கத்தை அம்மாவுக்கு ஒழுங்காக வாசிப்பதென்றால் அவன் போனதையும் வாசிக்க வேண்டும், அவனை அனுப்பியது யார் என்பதையும் வாசிக்க வேண்டும். அதன் பிறகு கடை விலாசத்துக்கு எழுதச் சொல்லி மாமாவுக்குப் போட்டேன். இரண்டு கடிதம் வந்தது. அக்காவுக்குச் சொன்னீர்களா என்று இரண்டிலும் கேட்டிருந்தார்.

நீ அங்கே இருந்து அனுப்புகிற ஒவ்வொன்றும் எனக்கு இந்த ஒன்றரை வருடமாக வேறு மாதிரித்தான் தெரிகிறது. கலியாணம் முடிந்து நீ அங்கே போன வருடம் அனுப்பிய அந்தக் காய்ந்த முட்பூ இன்னும் எங்கள் கதவில்தான் இருக்கிறது, சூரியப் பூ என்று எழுதியிருந்தாய், கெட்ட ஆவி வந்தால் அதன் இதழை எண்ணி முடிக்காமல் உள்ளே வர முடியாது, எண்ணுவதற்குள் விடிந்துவிடும் என்று. லிப்ற் பார்க்க வந்த கவுன்சில்காரன் கூட அது என்ன என்று கேட்டான். அம்மா நாள்தோறும் அதைத் தடவிப் பார்த்து, இருக்கிறது என்று உறுதி செய்துகொண்டுதான் கதவைப் பூட்டுகிறாள். அது வாசலால் வருவதைத்தான் மறிக்கும் போல. கடிதம் போடுகிற துவாரத்தால் வருவதை மறிக்காது. சென்ற தை மாதம் நீ மணிச் சத்தம் பதிந்து, ஒரு படத்தோடு அனுப்பிய கசெற்றும் அப்படித்தான். ஆட்டுத்தோல் போர்த்து, கூம்புத் தொப்பியில் நாடா கட்டி, இடுப்புக்குப் பின்னால் இரண்டு பெரிய மணி தொங்கவிட்டு, ஒரு ஊர்க்காரர் அடுத்த ஊருக்கு ஒரே காலடியில் நடந்து போகிற படத்தை நான் அவளுக்கு விபரித்துச் சொன்னபோது, மாட்டுக்குக் கட்டிற மணியைத் தாங்கள் கட்டிக்கொண்டு திரியினமோ, எங்கடை மருமோனும் கட்டினவரோ என்று கேட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் கண்டு கன காலம். குளிரில் உறங்கும் நிலத்தை எழுப்பத்தான் அந்த மணி என்றேன். அதற்குப் பிறகு மத்தியானத்தில் அந்தக் கசெற்றைத்தான் போடச் சொல்கிறாள். முதலில் ஒன்றும் கேட்காது, பிறகு தூரத்தில் மெல்ல, பிறகு கிட்ட, பிறகு காதடைக்கக் கடந்து போகும். கடந்து போகத் தொடங்கியவுடன் அம்மா தானே விரலால் தடவி நிறுத்திவிடுவாள். திரும்ப முதலில் இருந்து. வருகினம், கேளுங்கோ, வருகினம் என்பாள். போகிற பக்கத்தை ஒரு நாளும் கேட்டதில்லை. நான் குசினிக்குள் போய்த் தண்ணீரைத் திறந்து விட்டு நிற்பேன்.

செவ்வாய்க்கிழமை தோறும் அவளைக் கூட்டிக்கொண்டு ரூட்டிங் கோயிலுக்குப் போகிறேன், அந்தோனியாருக்கு முன்னால் எட்வேட் சுகமாக வந்து சேர ஒரு மெழுகுதிரி கொளுத்துகிறாள். கண் தெரியாதபடியால் நான்தான் அவள் கையைப் பிடித்துத் திரியில் வைக்க வேண்டும். உன் மாமி செத்தவருக்குத் தன் வீட்டு இடத்தில் கொளுத்துகிற வெளிச்சம் எனக்கு அப்போதெல்லாம் பெரிய கொடுப்பினையாகத் தோன்றும், அவருக்குத் தெரியும் யாருக்காகக் கொளுத்துகிறார் என்று. நான் செத்த பிள்ளைக்கு உயிரோடு இருக்கிறவனின் திரியைக் கொளுத்துகிறேன். கார்த்திகை மாதம் இறந்தவர்களின் பெயரை எழுதிப் பீடத்தில் வைக்க இங்கே கோயிலில் ஒரு தாள் தருவார்கள், நீ இருந்தபோது நீதான் எழுதினாய். சென்ற வருடம் அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதினேன். எழுதி முடித்து, அவள் பக்கத்தில் இருக்கும்போதே, அடியில் சின்ன எழுத்தில் அவன் பெயரையும் எழுதி உறையை ஒட்டினேன். அவனுக்கென்று இந்த லண்டனில் நடந்த இறுதிக் கிரியை அவ்வளவுதான்.

இனித் திகதிக்கு வருகிறேன். அம்மாவுக்குக் கண் ஒப்பரேசன் வருகிற மாதம் எட்டாம் திகதி, செவ்வாய்க்கிழமை. இரண்டு வருடம் காத்திருந்து வந்த இடம், வேண்டாம் என்று சொல்ல ஒரு நியாயமும் இல்லை, என் மனதில் வேண்டாம் என்று ஒரு நிமிடம் வந்ததையும் உனக்கு மறைக்கவில்லை. இரண்டு மூன்று கிழமையில் கண்ணாடி போட்டுப் பத்திரிகை வாசிக்கலாம் என்று டொக்டர் சொன்னார். அம்மா பத்திரிகை வேண்டாமாம். முதல் வேலையாத் தம்பியின்ரை கடிதத்தை என்ரை கண்ணாலை வாசிக்கப் போறன் என்று டொக்டருக்கே சொன்னாள், நான்தான் மொழிபெயர்த்தேன். அந்தக் கடிதம் ரின்னுக்குள் எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும், மூலை கிழிந்த நீலத் தாள், ஞாயிறு தோறும் எடுத்துத் தடவிவிட்டு வைக்கிறாள். எரிக்க முடியாது. அதே மாதிரித் தாள் வாங்கி, உன் மாமாவின் கையெழுத்தில் வேறொன்று எழுதி வைப்போமா என்றுகூட ஒரு நாள் யோசித்து, தாளும் வாங்கினேன். முப்பத்திரண்டு வருடம் பிறர் கடிதத்தில் கை வைக்காதவன், உட்கார்ந்து இரண்டு வரி எழுதிப் பார்த்துவிட்டுக் கிழித்துப் போட்டேன்.

அதனால் உன்னிடம் கேட்கிறேன், எட்டாம் திகதிக்கு முன்னம் நீ வா. மாமியைத் தனியே விட்டு வருவது சரியில்லை என்று எனக்குத் தெரியும், துக்க வீடு இன்னும் ஆறவில்லை, ஆனாலும் ஐந்து நாள் வா. வந்து அம்மாவிடம் நீ சொல். சாவீட்டுக்காரர் தாங்களே சொல்லுவதில்லை என்று நீதானே எழுதினாய். எங்களுக்கு இந்த ஊரில் முதல் அயலவர் என்று யார் இருக்கிறார்கள், பக்கத்துக் கதவுக்காரியின் பெயரே எனக்குத் தெரியாது. பெற்ற மகளை அயலவராக நிற்கச் சொல்லிக் கேட்கிற நிலைக்கு வந்துவிட்டேன். நான் கூப்பிட்ட விஷயத்தையும் நீயே சொல்லிவிடு, நான் அந்த நேரம் கடைக்குப் போய் நிற்கிறேன். வரும்போது தடித்த கோட் போட்டுக்கொண்டு வா, மலைப் பாதையில் இரவில் கார் ஓட வேண்டாம் என்று மிக்கேலுக்குச் சொல். அம்மா எழும்புகிற சத்தம் கேட்கிறது.

25.10.1994, செவ்வாய்க்கிழமை

ஞாயிறு எழுதியதைத் தபாலில் போடவில்லை. முத்திரை ஒட்டி இரண்டு நாளாகக் கோட் பைக்குள் வைத்துக்கொண்டு திரிந்தேன். இன்று கோயிலால் வரும்போது கார்த்திகை மாதத் தாளைக் கையில் தந்தார்கள், மாதம் முடியும் வரைக்கும் கொடுக்கலாம். சாப்பாட்டுக்குப் பிறகு அம்மா, எழுதுவம், சொல்லுறன் என்று வந்து இருந்தாள். தன் தாய் தகப்பன், என் தாய் தகப்பன், ஊரில் செத்த இரண்டு சகோதரம், பிறகு உன் மாமனாரின் பெயரையும் சரியாகச் சொல்லி, அந்த மனிசனை மறந்து போகாதேங்கோ என்றாள். எழுதினேன். எழுதியாச்சோ என்று கேட்டாள். ஓம் என்றேன். அதுக்குக் கீழை ஒரு வரி விட்டு வையுங்கோ என்றாள். நான் ஏன் என்று கேட்டேன், கேட்டிருக்கக் கூடாது. கண் தெரிஞ்சாப் பிறகு அதை நான் எழுதுவன், என்ரை கையாலை எழுதுவன், நீங்கள் எழுத வேண்டாம் என்றாள்.

அவள் அழவில்லை, குரலும் மாறவில்லை. பிறகு அந்தக் கசெற்றைப் போடச் சொன்னாள். போட்டேன். மணி தூரத்தில் கேட்டது, கிட்ட வந்தது, எங்கள் சின்ன அறையைக் கடந்தது. விரல் வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன், வரவில்லை. அவர்கள் அடுத்த ஊருக்குப் போய், மணி தேய்ந்து, ஒன்றும் இல்லாமல், ரேப் இரைகிற சத்தம் மட்டும் வரும்வரை அம்மா மடியில் கையை வைத்துக்கொண்டு கேட்டாள்.

எப்போதிருந்து அவளுக்குத் தெரியும் என்று கேட்க எனக்குத் துணிவில்லை. தேனீயைப் பற்றி வாசித்த அன்றிலிருந்தா, அல்லது சப்பாத்தும் கழற்றாமல் நின்று நான் வாசித்த அந்த முதல் நாளே என் குரலில் பிடித்துவிட்டாளா. அப்படியென்றால் ஒன்றரை வருடம் அவள் என்னை அல்லவா தாங்கியிருக்கிறாள். ஆனால் நான் அவனைக் கூப்பிட்டது அவளுக்குத் தெரியாது. அது தெரிந்திருந்தால் எனக்கு இவ்வளவு காலம் சோறு போட்டிருக்க மாட்டாள், அல்லது போட்டிருப்பாளோ, அதுவும் தெரியவில்லை. மகள், ஞாயிற்றுக்கிழமை உன்னை அயலவராக வரச் சொன்னேன். அதை மன்னித்துக்கொள். சாவை அயலவர் சொல்லலாம். என் பிழையை இன்னொருவர் வந்து சொல்ல முடியாது. அதை அந்த நீலத் தாள் சொல்ல முதல் நானே சொல்ல வேண்டும். முன்னுக்கு எழுதியதை வெட்டவில்லை, எழுதியது எழுதியபடி இருக்கட்டும், ஆனால் ரெலிபோன் எடுக்காதே என்றதை மட்டும் மறந்துவிடு. அம்மா சாப்பாட்டுக் கோப்பை கழுவிக்கொண்டிருக்கிறாள். அவள் வந்து இருந்தவுடன் சொல்லப் போகிறேன். சொல்லிவிட்டுத்தான் இதைத் தபால் பெட்டியில் போடுவேன். இந்தக் கடிதம் உன் கையில் இருக்கிறது என்றால் நான் சொல்லிவிட்டேன் என்று அறிந்துகொள். ரெலிபோன் எடு. அம்மாதான் எடுப்பாள். நீ ஒன்றும் மறைத்துப் பேசத் தேவையில்லை. ஏலுமென்றால் வா, சொல்வதற்கல்ல, அவள் பக்கத்தில் இருப்பதற்கு.

எல்லாம் வல்ல இறைவனும், உனக்குப் பெயர் தந்த வியாகுல மாதாவும் உன்னையும் மிக்கேலையும் அந்த வீட்டையும் காக்க வேண்டும். மாமிக்கு எங்கள் வணக்கத்தைச் சொல். ஒன்று மறக்காதே. அடுத்த கிழமை புதன்கிழமை ஆத்துமாக்கள் திருநாளுக்கு மாமி அந்தப் பலகையைக் கோயிலுக்குக் கொண்டு போகும்போது, எட்வேட்டுக்கும் அதில் இடம் உண்டா என்று மரியாதையாகக் கேட்டுப் பார், மருமகளின் தம்பி அந்த வீட்டு ஆள்தானே. உண்டென்றால், முன்னதாகக் கொல்லைக்குப் போய்த் தேனீக்களுக்கும் சொல்லிவிடு. மெல்லத் தட்டிச் சொல். அவனுடைய பெயரைத் தமிழிலேயே சொல்.

இப்படிக்கு,
உன் அப்பா
சூ. யேசுரட்ணம்